ஆறு மாசம் உனக்கு, ஆறு மாசம் எனக்கு

நோரீனும் ட்வைட்டும் விவாகரத்து செய்துகொண்டபோது வீடு அவளுக்கு, ட்ரக்கும் நாயும் அவனுக்கு என்று சத்தமில்லாமல் முடிந்துவிட்டது. இழுபறி வந்தது ஒரே ஒரு பொருளுக்குத்தான். சமையலறை மேசையில் ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆவி இயந்திரம்.

பார்ப்பதற்கு எஃகில் செய்த கூம்பு. வயிற்றுக்குள் ஒரு சூட்டுத் தகடும் சின்னக் காற்றுப் பம்பும் இருந்தன. உச்சியில் சல்லடை வைத்த ஒரு கிண்ணம். அதில் பொடித்த கஞ்சா இலையைக் கொஞ்சம் போட்டு மூடிப் பம்பைத் தட்டிவிட்டால், இலை எரியாமல் சூடேறி, அதன் ஆவி மட்டும் மேலே மாட்டியிருக்கும் நீளமான பிளாஸ்டிக் பைக்குள் ஏறும். பை தலையணை போல உப்பியதும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிதானமாக உறிஞ்ச வேண்டியதுதான். புகை கிடையாது, சாம்பல் கிடையாது. உச்சி மூடியோடு சேர்த்துப் பார்த்தால் தேவாலய ஆயரின் தொப்பி மாதிரி இருக்கிறதென்று ட்வைட் வாங்கிவந்த அன்றே அதற்கு 'பிஷப்' என்று பெயர் வைத்துவிட்டான்.

"உனக்கு எதுக்கு அது? உனக்கா கீமோ ஏத்துனாங்க?" என்று கேட்டாள் நோரீன்.

"என் முதுகு இருக்கே. மில்லுல இருபது வருஷம் குனிஞ்சு நின்னதுக்கு அவங்க குடுத்த பரிசு."

"முதுகுக்கு மாத்திரை போடு."

"மாத்திரை வயித்தப் பொரட்டுது. ஆளுக்குப் பாதின்னுதானே வக்கீல் சொன்னாரு?"

"அப்ப ரம்பத்த எடுத்துட்டு வா. நடுவுல அறுத்துக்கலாம்."

ட்வைட் மரமில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் பல வாரமாக யாரும் சிரித்திருக்கவில்லை. சிரித்த சூட்டோடு சமாதானமும் ஆயிற்று: பிஷப் ஆறு மாதம் இவளிடம், ஆறு மாதம் அவனிடம். ஆறு மாதம் என்பது கொஞ்சம் முன்பின்னானாலும், தேதி மறந்து போகாதபடி, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஊரே கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே பின்னே திருத்தி வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கைமாற்றிக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். கலிபோர்னியாவின் வடகோடியில், மூடுபனி விலகாத ஆர்கேட்டாவில் அவள் வீடு. அவன் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் உள்ளே தள்ளி, வெயில் கிடைக்கிற புளூ லேக்கில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டான். எப்போதும் அவன்தான் வருவான். எடுக்கவும் வருவான், கொடுக்கவும் வருவான். நாய் கிரேவி முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும்.

அப்படியே வருடங்கள் ஓடின.

அவள் ஒப்படைக்கும்போது அவன் வாசலிலேயே மூடியைத் திருகிக் கழற்றிப் பார்ப்பான்.

"சல்லடையப் பாரு நோரி. தேன்கூடு கட்டியிருக்கு."

"ஸ்பிரிட்ல ஊறப்போட்டா போயிருது. பெரிய மனுஷன் மாதிரி பேசாத."

"பை மஞ்ச பூத்துப் போச்சு. இதுலயா உறிஞ்சுற? கெட்டியாகி, காகிதம் மாதிரி சத்தம் போடுது."

"புதுப் பைச் சுருள் உள்ள இருக்கு. உனக்குத்தானே வெட்டிக் கட்டத் தெரியும்? போய்க் கட்டிக்க."

அவன் திருப்பிக் கொண்டுவரும்போது கதை வேறாக இருக்கும். சல்லடை கடையில் வாங்கியதுபோல மின்னும். கிண்ணத்தில் ஒரு பொட்டுப் பிசின் இருக்காது. பை புத்தம் புதிது. வால்வைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்கூட மிருதுவாக இருக்கும். நோரீன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தன் வீட்டுப் பராமரிப்பைக் குத்திக்காட்டத்தான் இவன் இப்படித் தேய்த்துக் கொண்டுவருகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஆறு மாசம் சர்ச்சுலயா வெச்சிருந்த?" என்பாள்.

"நல்ல பொருள நல்லா வெச்சுக்கணும்" என்பான் அவன். காபி குடிப்பான். கிரேவிக்கு அவள் ஒரு துண்டு ரொட்டி போடுவாள். பிறகு கிளம்பிப் போவான்.

அவன் போனபின் முதல் பையை நிரப்பும்போதெல்லாம், பம்பு முனகத் தொடங்கியதும், நோரீனுக்கு அந்த ஒரு வருடம் திரும்ப வரும். நினைக்கவே கூடாத வருடம்தான் அது. மார்பில் கட்டி என்று சொன்ன வருடம். ஆனாலும் பம்பின் முனகலைக் கேட்டால் அவளுக்கு ஊசியும் வாந்தியும் ஞாபகம் வருவதில்லை. சாயங்காலங்கள்தான் ஞாபகம் வரும்.

மருந்து ஏற்றி வந்தால் மூன்று நாளைக்குச் சோற்றுப் பருக்கை இறங்காது. தண்ணீரும் குமட்டும். இலை உதவும், ஆனால் இருமல் இருப்பதால் புகை உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ட்வைட் அன்றைக்கே பக்கத்து ஊரான யுரேகாவுக்குப் போய் இந்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருவருக்கும் அதில் ஒன்றும் தெரியாது. முதல் தடவை சூட்டை மிகவும் ஏற்றிவிட்டார்கள். பை முழுக்கத் தீய்ந்த சோளப்பொரி வாசம். மறுதடவை குறைத்ததில் வெறும் வெந்நீர் ஆவியை உறிஞ்சியது போல ஒன்றும் தட்டுப்படவில்லை. மெல்ல மெல்லக் கைவந்தது. இலையைத் தூளாக அரைத்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும், பெரிதாக விட்டால் நடுப்பகுதி சூடாகாது. கரடுமுரடாக, தேயிலை அளவுக்கு இருக்க வேண்டும். கிண்ணத்தில் அமுக்கித் திணிக்கக் கூடாது.

அவளால் முழுப் பையை உறிஞ்ச முடியவில்லை. மூச்சு எட்டவில்லை. ட்வைட் மறுபேச்சில்லாமல் சுருளிலிருந்து சின்னச் சின்னப் பைகளாக வெட்டிக் கட்டினான். மில்லில் எஃகைத் தீட்டும் அந்தத் தடித்த விரல்கள் பை வாயை மடித்து வளையத்துக்குள் நுழைக்கும்போது மட்டும் தையல்காரி விரல்கள் போலாகிவிடும். மேல்வேலை எல்லாம் அவனுடையது. சல்லடை, கிண்ணம், பை. படுத்துக்கிடப்பவளுக்கும் ஒரு வேலை வேண்டுமே என்று, அடியில் இருக்கும் காற்று வடிகட்டியை மாற்றுவதை அவளிடம் விட்டிருந்தான். இயந்திரத்தைக் கவிழ்த்து மடியில் வைப்பான். அவள் திருகிக் கழற்றிப் புதுப் பஞ்சை வைப்பாள். அன்றைய நாளில் அவள் செய்த ஒரே உருப்படியான காரியமாக அது இருக்கும்.

ஆறு மணிவாக்கில் விரிகுடாவிலிருந்து மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் சங்கு கேட்கும். டிவியில் பழைய வினாடி வினா ஓடும். பம்பு முனகும். பை மெதுவாக எழுந்து நிற்பதை, அவளும் அவனும் நாயும், மூன்று பேருமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதிப் பை போனபின் அவள் "எனக்கு டோஸ்ட் வேணும் போல இருக்கு" என்பாள். அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவன் போல அவன் எழுந்து ஓடுவான். பிளாக்பெர்ரி ஜாம் தடவிய ரொட்டி, ஓரம் நறுக்கியது. அவள் ஒரு வாய் தின்பதை அவன் தன் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பான். அதை அவள் கேலி செய்வாள். இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் அவ்வளவு பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்ததே இல்லை.

உடம்பு தேறியது. முடி வளர்ந்தது. அவள் மறுபடி பள்ளிக்கூடப் பஸ் ஓட்டப் போனாள். அவனுக்கு மட்டும் அந்த வருடம் முடியவில்லை. அவள் இருமினால் எழுந்து உட்காருவான். சாப்பாட்டில் மீதம் வைத்தால் தட்டையே பார்ப்பான். குளியலறையில் நேரமானால் கதவுக்கு வெளியே நின்று "நோரி, என்ன பண்ணுது?" என்பான். ஒரு வருடம், இரண்டு வருடம் பொறுத்தாள். கடைசியில் ஒருநாள் வெடித்துவிட்டாள்.

"நான் இன்னும் நோயாளியா? என்ன ஒரு மனுஷியா பாக்கவே மாட்டியா நீ? இனிமே என் உடம்பப் பத்தி ஒரே ஒரு வார்த்த கேட்டா நடக்கறதே வேற."

அவன் அன்றைக்கு வாயை மூடியவன்தான். கேட்கக் கூடாதென்று ஆனபின் அவனுக்குப் பேச வேறொன்றும் அகப்படவில்லை. பேச்சில்லாத வீடு எத்தனை நாள் நிற்கும்? இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

அவனுக்கு அறுபது தாண்டியபின் மேவிஸ் வந்தாள். விதவை, புளூ லேக்கில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவள், கலகலப்பானவள். கிரேவி செத்துப்போய் அவன் துவண்டிருந்த சமயத்தில் ஒரு எலுமிச்சைச் செடியோடு வந்து கதவைத் தட்டியவள். நோரீனுக்கு அவள்மேல் வருத்தமெல்லாம் இல்லை. ஆனால் மேவிஸுக்கு வருடத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகம் மாறிவிடும். "பிஷப் பவனி கிளம்பியாச்சா?" என்று கேட்பாளாம். ட்வைட்டே சொன்னான்.

ஒரு வசந்தத்தில் அவன் வந்தான். வழக்கம்போல எடுத்துக்கொண்டு போக வேண்டிய முறை. வாசலிலேயே நின்றான்.

"நோரி, பிஷப்ப நீயே வெச்சுக்க. மேவிஸ் எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கா. பேனா மாதிரி. பாக்கெட்டுல வெச்சுக்கலாம்."

"பேனாவா?"

"ஆமா. பட்டன அமுக்குனா சூடாயிருது. கழுவ வேண்டிய வேல இல்ல."

"நல்லதாப் போச்சு" என்றாள் நோரீன். "எனக்கும் தூக்கித் தூக்கி வெக்கற வேல மிச்சம்."

அவன் காபிக்கு உள்ளே வரவில்லை. ட்ரக் தெருமுனை திரும்பும்வரை அவள் கதவைச் சாத்தாமல் நின்றாள். பிறகு போய் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

நவம்பரில் கடிகாரத்தைத் திருத்தும் ஞாயிறு வந்தது. முந்தின சனிக்கிழமை அவள் கை தானாகச் சல்லடைகளை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டது. கிண்ணத்தைப் பிரித்துத் தேய்த்தாள். பல்துலக்கும் பிரஷ்ஷால் மூலையெல்லாம் சுரண்டினாள். எல்லாவற்றையும் துணியில் பரப்பிக் காயவைத்தபின்தான், இப்படித் தேய்த்துக் கொண்டுவர நாளைக்கு ஒருவரும் வரப்போவதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான். மகன் போர்ட்லண்டிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்கிறான். ஆனால் ஓரம் நறுக்கிய டோஸ்ட்டைப் பற்றி யாரிடம் பேசுவது? அந்த வருடத்தைப் பார்த்த இன்னொரு ஜோடிக் கண் இந்தப் பக்கத்தில் ட்வைட்டுக்கு மட்டும்தான் உண்டு.

பிப்ரவரி மாதம் ஒருநாள் காலை, மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூட்டுவலிக்காக ஒரு பை நிரப்பிக்கொள்ளலாமென்று பொத்தானைத் தட்டினாள். விளக்கு எரிந்தது, சூடும் ஏறியது. பம்பு மட்டும் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுபோயிற்று. பை எழவில்லை. தட்டிப் பார்த்தாள். செருகியைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தாள். அதன்பின் போனை எடுத்தாள்.

"நோரி? என்ன ஆச்சு?" அவன் குரல் அடித்துப்பிடித்துக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகல. பிஷப்புக்குத்தான் மூச்சு நின்னுபோச்சு."

"இரு, வரேன்" என்றான்.

மழையில் நனைந்தபடி கருவிப் பெட்டியோடு வந்து நின்றான். மேசைமேல் பழைய துண்டை விரித்து இயந்திரத்தைக் கவிழ்த்தான். அடிமூடியைத் திருகினான். அது லேசில் வரவில்லை. வந்தபோது உள்ளிருந்து வடிகட்டிப் பஞ்சுக்குப் பதில் அடர்த்தியான ஏதோ ஒன்று வில்லையாகக் கழன்று விழுந்தது. கம்பளி போல அழுந்திப்போன மஞ்சள் முடி.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இது கிரேவி முடி" என்றாள் நோரீன்.

"ஆமா."

"இத்தன வருஷமா நீ இந்த வடிகட்டிய மாத்தவே இல்லியா?"

"அடியில இருக்கற வேல உன்னுதில்ல? நீதானே எப்பவும் மாத்துவ?"

"அட மனுஷா, அது நான் படுத்துக்கெடந்தப்போ. நீ இவ்வளவு சுத்தமாக் கொண்டாந்து வெக்கறியே, அடியிலயும் பாத்திருப்பேன்னு நான் இருந்துட்டேன்."

ட்வைட் குறடால் மிச்ச முடியை இழுத்துக்கொண்டிருந்தான். நோரீன் அந்த வில்லையை விரலால் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க வந்தது. ஏதோ இடிக்கிறதென்று அவளுக்குத் தோன்றியது.

"ட்வைட், இவ்வளவு முடிய உறிஞ்சணும்னா இது தெனமும் ஓடியிருக்கணும். தெனம் ஓட்டுனவன் சல்லடை எப்படிய்யா புதுசு மாதிரி இருக்கும்?"

"இலை போட்டாத்தானே அழுக்காகும்."

"அப்ப?"

"சூட்ட அணைச்சிட்டு காத்த மட்டும் ஓட விடுவேன்." அவன் தலை நிமிரவில்லை. "சாயங்காலத்துல. அந்தச் சத்தம் இருந்தா கிரேவி பக்கத்துல வந்து படுத்துக்கும். எனக்கும் கொஞ்சம் கண்ண மூடலாம் போல இருக்கும். அங்க தனியா ரொம்ப அமைதியா இருந்துச்சு நோரி, ஆரம்பத்துல."

"முதுகுவலிக்குன்னு சொன்ன."

"முதுகு வலிக்கத்தான் வலிக்குது. சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தா போயிரும். அந்த இலை எனக்கு ஒத்துக்கவே இல்ல. ரெண்டு இழுப்புல தல சுத்திரும்."

"பின்ன எதுக்கு அன்னிக்கு அவ்வளவு மல்லுக்கட்டிப் பாதி கேட்ட?"

அவன் குறடைக் கீழே வைத்தான். துண்டின் ஓரத்தில் கையைத் துடைத்தான்.

"நீ என்ன சொன்ன? உன் உடம்பப் பத்தி ஒரு வார்த்த கேட்டா நடக்கறதே வேறன்னு சொன்ன. சரி, கேக்கல. கேக்காம நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? பையன்கிட்ட கேட்டா அவன் உங்கிட்ட சொல்லிருவான். வருஷத்துல ரெண்டு தடவ இந்த வாசல்ல வந்து நின்னா மொகத்தப் பாத்துக்கலாம். எடை குறைஞ்சிருக்கா, மொகம் வெளுத்திருக்கா, அதெல்லாம் எனக்குத் தெரிஞ்சிரும். சல்லடைய அழுக்காக் குடுத்தியானா சந்தோஷமா இருக்கும். உயிரோட இருக்கா, ஊர்க்கத பேசிட்டு பைய உறிஞ்சிட்டு இருக்கான்னு நெனச்சுக்குவேன்."

மழை கூரையில் சடசடத்தது. நோரீன் எழுந்து போய் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொதித்து மூடி தடதடத்ததும் கேட்டாள்.

"அப்புறம் எதுக்குப் பேனாவ வாங்கிக்கிட்ட?"

"மேவிஸ்கிட்ட என்னன்னு சொல்றது? பழைய பொண்டாட்டி மொகத்தப் பாக்கணும்னா? அவ பாவம், என் முதுகுக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்தா. டிராயர்ல கெடக்கு. இன்னும் அட்டையே பிரிக்கல."

நோரீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து வந்தன. மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினாள். இரண்டு கோப்பையையும் மேசையில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"அக்டோபர்ல படம் எடுத்தாங்க" என்றாள். "ரெண்டு பக்கமும். ஒண்ணும் இல்ல. ரத்தமும் நல்லா இருக்கு. கொலஸ்ட்ரால் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, வெண்ணெயக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. முட்டி வலிக்குது. அது வயசு."

ட்வைட் தலையாட்டினான். ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டான்.

"கேளு" என்றாள் அவள்.

"எந்த முட்டி?"

"இடது."

"சரி" என்றான். அதன்பின் காபியை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தான்.

பம்பு பிழைக்கவில்லை. உள்ளேயிருந்த ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. பழுதுபார்க்கும் இடத்துக்குப் பெட்டி கட்டி அனுப்பினார்கள். புதுப் பம்போடு திரும்பி வந்தது. முன்னைவிடச் சத்தம் கொஞ்சம் மெலிது. அது நோரீனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் பழகிக்கொள்ளலாம்.

மார்ச்சில் கடிகாரத்தைத் திருத்தும் ஞாயிறன்று அவளே பிஷப்பைக் காரில் ஏற்றிக்கொண்டு புளூ லேக்குக்குக் கிளம்பினாள். அந்த வீட்டு வாசலை அதுவரை அவள் மிதித்ததில்லை. கார்ச் சத்தம் கேட்டு மேவிஸ்தான் கையில் மண்ணோடு வெளியே வந்தாள்.

"நீங்க நோரீனா? இதானா அந்தப் பிஷப்பு?" என்றாள். "உள்ள வாங்க. இவரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஒரு வாரம் பேசல நான் இவர்கிட்ட."

"எதுக்கு, என்னைப் பாக்க வந்ததுக்கா?"

"அதுக்கில்ல. முதுகுவலின்னு நம்பி அந்தப் பேனாவுக்கு மூணு கடை ஏறி எறங்குனேன். மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருந்தா, வருஷத்துக்கு ரெண்டு தடவை என்ன, மாசத்துக்கு ஒரு தடவை நானே வண்டியில கூட்டிட்டு வந்து விட்டிருப்பேன்."

ட்வைட் பின்வாசல் படியில் உட்கார்ந்து எதுவும் காதில் விழாதவன் போலப் பூட்ஸ் கயிறைக் கட்டிக்கொண்டிருந்தான். வெயில் நன்றாக இருந்தது. ஆர்கேட்டாவில் அந்த மாதத்தில் அப்படி ஒரு வெயிலைக் கண்ணால் பார்க்க முடியாது.

மேவிஸுக்குக் குளிர்காலம் முழுக்க நெஞ்சுச்சளி. இலை அவளுக்குப் பழக்கமில்லை. "வெறும் தைம் போடலாமே, சமையல்ல போடற வாசனைத் தழை" என்றாள் நோரீன். "சாமந்தி மாதிரி இருக்குமே கேமொமைல், அதுவும் போடலாம். சூட்ட மட்டும் நல்லாக் குறைக்கணும், இல்லன்னா தீஞ்சிரும்." மேவிஸ் தோட்டத்திலிருந்து காய்ந்த தைம் கொத்து ஒன்றை ஒடித்து வந்தாள். இருவரும் படியிலேயே உட்கார்ந்து இலையை உதிர்த்தார்கள். கிண்ணத்தில் எவ்வளவு போடுவது, ஏன் அமுக்கக் கூடாது என்று நோரீன் சொல்லச் சொல்ல மேவிஸ் செய்தாள். ட்வைட் உள்ளேயிருந்து நீளமான மின்கம்பி ஒன்றை இழுத்துக் கொடுத்தான்.

பை எழுந்தது. மேவிஸ் அதைக் கோழியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தாள். கண்ணை அகல விரித்தாள்.

"பீட்சா கடைக்குள்ள மூச்சு விட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

நோரீன் சிரித்த சிரிப்பில் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த கோழிகள் மிரண்டன. மேவிஸ் அடுத்த இழுப்பை இழுத்தாள். பையை நோரீனிடம் நீட்டினாள். நோரீன் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ட்வைட்டிடம் நீட்ட, அவனும் வாங்கிக்கொண்டான். தைமில் தலை சுற்றாது.

பிஷப்பை அங்கேயே விட்டுவிட்டு நோரீன் கிளம்பும்போது மேவிஸ் ஊறுகாய் போட்ட பச்சை பீன்ஸ் ஒரு பாட்டில் கொடுத்தாள். வெண்ணெய் இல்லாமல் தொட்டுக்கொள்ளலாம் என்றாள். நோரீன் பாட்டிலை முன்சீட்டில் வைத்து, உருண்டுவிடாமல் பெல்ட் மாட்டினாள். ஆற்றுப்பாலம் தாண்டியதும் எதிரே கடலிலிருந்து பனி ஏறிவருவது தெரிந்தது. அவள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினாள்.